பதினெட்டு நிமிசம், ஒரே ஃபைல்

மெமரி கார்டுல அந்தப் பெரிய நம்பரைப் பாக்காதிய அண்ணாச்சி. எல்லாரும் அதைத்தான் பாக்காங்க. கண்ணாடிக்கு மேல விரலை வச்சு, "அந்த இருநூறு போட்டதைக் குடுங்க"ங்காங்க. இருநூறுன்னா வேகமா இருக்கும்னு நெனைப்பு. நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஆறு வருசம் ட்ரோன் ஓட்டுனவன் நான், எனக்கே தெரியல. நீங்க போன வாரந்தான் வாங்கியிருக்கிய, உங்களுக்கு எப்படித் தெரியும்?

உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிடுங்க. உங்களுக்கு வேண்டிய கார்டு உள்ள அலமாரியில இருக்கு, சாவி முதலாளிட்ட இருக்கு. சாப்புடப் போயிருக்காரு, வந்துருவாரு. ஏசி காத்து உங்க பக்கம் வருதுல்லா?

பாருங்க, கார்டுல ரெண்டு வேகம் இருக்கு. கார்டுல இருக்கதைக் கம்ப்யூட்டர் எடுத்துப் படிக்கது ஒரு வேகம். ட்ரோன் மேல பறந்துக்கிட்டே கார்டுல எழுதுது பாத்தியளா, அது இன்னொரு வேகம். பெருசா அடிச்சிருக்கது படிக்கிற வேகம். அது உங்களுக்கு எதுக்கு? வீட்டுக்கு வந்து காப்பி பண்ணும்போது ரெண்டு நிமிசம் மிச்சம், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது எழுதுற வேகம். அதுலயும் நிக்காம, கொறையாம எழுதுற வேகம். அதை மூலையில சின்னதாப் போட்டிருப்பான். வின்னு ஒரு இங்கிலீஷ் எழுத்து, பக்கத்துல முப்பது. கண்ணாடி போட்டுத் தேடணும். வி முப்பதுன்னா எந்த நேரமும் செகண்டுக்கு முப்பது எம்பிக்குக் கொறையாம எழுதும். ஃபைவ்-கே வீடியோன்னா உங்க ட்ரோன் செகண்டுக்கு இருபத்தஞ்சு எம்பி கொட்டும். கார்டு பத்துதான் வாங்கும்னா மிச்சம் எங்க போவும்? சின்னப் புனல்ல குடத்தோட கவுத்துன மாதிரிதான். ட்ரோன் கொஞ்ச நேரம் தாக்குப் புடிக்கும். பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டு. அப்புறம் கார்டு வேகம் போதாதுன்னு ஸ்கிரீன்ல எழுதிக் காட்டிட்டு ரெக்கார்டிங்கை நிறுத்திரும். அது பாட்டுக்குப் பறந்துக்கிட்டு இருக்கும். படம் நின்னுருக்கும்.

இது எனக்கு எங்கம்மை செத்த அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

ஐயோங்காதிய. ஒண்ணரை வருசம் ஆச்சு. எழுவத்தி மூணு வயசு, சுகரு, பிரஷரு, எல்லாம் உண்டு. எங்க ஊரு சங்கரன்கோவில் பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில நாலரை மணிக்கு என் வீட்டுக்காரி செண்பகம் எழுப்புனா. அத்தைக்கு மூச்சு ஒரு மாதிரி வருதுன்னா. நான் போயிப் பாக்கையில மூச்சு இல்ல. அதுல சொல்லுததுக்கு வேற ஒண்ணுமில்ல.

எங்கண்ணன் கோமதிநாயகம் தோஹாவுல இருக்கான். பதினோரு வருசமா இருக்கான். அவனுக்கு போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசல. பாஸ்போர்ட் கம்பெனிட்ட இருக்கு, லீவு கேட்டு, டிக்கெட் போட்டு, வந்து சேர மூணு நாளாவும். அது வரைக்கும் போட்டு வைக்க முடியாது. அவனுக்கும் தெரியும். "நீ தெளிவா எடுத்து அனுப்புலே. அய்யாவுக்கு ஆன மாதிரி ஆயிரக் கூடாது"ன்னான். சரிண்ணேன்னேன்.

அய்யா செத்தது அதுக்கு நாலு வருசத்துக்கு முந்தி. அப்பவும் அண்ணனால வர முடியல. எங்க பக்கம் முறை என்னன்னா, அய்யாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கணும், அம்மைக்கு இளையவன் வைக்கணும். உங்க பக்கமும் அப்படித்தான? அண்ணன் இல்லைங்கதால அய்யாவுக்கு நாந்தான் வச்சேன். சொந்தக்காரர் ஒருத்தர் போன்ல வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பியிருக்காரு. பாதி விரலு, பாதி வானம். ஆளுக எல்லாம் கலங்கல் தண்ணிக்குள்ள நிக்க மாதிரி இருக்கும். "அய்யா எங்க கெடக்காருன்னே தெரியலையேலே, கூட்டம் மட்டும் அசையுது"ன்னு ஒவ்வொரு போன்லயும் சொல்லுவான். மூத்தவன் வைக்க வேண்டியது, வைக்கத்தான் முடியல, பாக்கவாவது செய்யணும்ல. அடுத்த லீவுக்கு வரும்போது இந்த ட்ரோனைக் கொண்டாந்து என் கையில குடுத்தான். ஃபைவ்-கே எடுக்கும். அதுவரைக்கும் நான் பழசு ஒண்ண வச்சுக் கல்யாணத்துக்கு ஓட்டிக்கிட்டு இருந்தேன். அவன் குடுத்த ட்ரோன், அவன் கேட்டது தெளிவா எடுன்னு ஒண்ணே ஒண்ணு. அப்ப எனக்குப் பொறுப்பு இருக்குல்லா?

அய்யாவுக்கு வச்சப்ப எப்படி இருந்துச்சுங்கியளா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. முகத்தை மட்டும் விட்டுட்டு ஒடம்பு முழுக்க வரட்டி அடுக்கிருவாங்க. கடைசியா கொள்ளி வைக்கிறவன் கையில ஒரு வரட்டியைக் குடுத்து முகத்துல வைக்கச் சொல்லுவாங்க. நான் வச்சேன். மூக்கு தட்டுச்சு, சரியா உக்காரல. எடுத்துத் திருப்பி வச்சேன். இப்பவும் வரட்டி கெடந்தா அந்தப் பக்கம் பாக்க மாட்டேன். அதை விடுங்க, கார்டு விசயத்துக்கு வாரேன்.

எட்டு மணிக்கு ஃப்ரீசர் பெட்டி வந்துட்டு, அம்மையை அதுல வச்சாச்சு. ஒம்பது மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போயி ட்ரோனை ஏத்திப் பாத்தேன். டெஸ்ட்டு பண்ணாம எந்த வேலைக்கும் நான் போனதில்ல. பதினோரு செகண்டுல நின்னுட்டு. திருப்பி எடுத்தேன். திருப்பியும் பதினோரு செகண்டு. கல்யாணத்துக்கெல்லாம் நான் ஃபுல் ஹெச்டியிலதான் எடுப்பேன், அதுக்கு அந்தக் கார்டு தாராளம். ஃபைவ்-கே வச்சதே அன்னைக்குத்தான்.

கீழ அழுதுக்கிட்டு இருந்த பொம்பளைங்க ட்ரோன் சத்தம் கேட்டு அழுகையை நிறுத்திட்டு மேல பாத்தாங்க. அம்மை கூடப் பொறந்த தம்பி ஒருத்தரு உண்டு, சப்பாணிமுத்து மாமா. அவரு முத்தத்துல நின்னு, "ஏலே, அங்க என்னத்தைல பண்ணுத?"ன்னு சத்தம் போட்டாரு. கார்டு சரியில்ல மாமான்னேன். அவருக்குக் கார்டுன்னா ரேசன் கார்டுதான் தெரியும். உள்ள போயிட்டாரு.

பைக்கை எடுத்துக்கிட்டு சங்கரன்கோவிலுக்குப் போனேன். ஒரு செல்போன் கடையில கார்டு கேட்டேன். நூத்தி அறுவதுன்னு தங்கக் கலர்ல அடிச்சிருந்துச்சு. இதைவிட வேகமா ஒண்ணு கெடையாது அண்ணேன்னான். வாங்கிட்டு வந்தேன். மாடியில ஏறி டெஸ்ட்டு பண்ணுனேன். பதிமூணு செகண்டு.

ரெண்டு செகண்டு கூடியிருக்கு. எனக்கு அது ஞாபகம் இருக்கு. ரெண்டு செகண்டு கூடியிருக்குன்னு ஒரு சந்தோசம். அன்னைக்கு அம்மை முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. பதினொண்ணும் பதிமூணும் ஞாபகம் இருக்கு.

சரி, திருநவேலி போயிர வேண்டியதுதான்னு மறுபடியும் பைக்கை எடுத்தேன். செண்பகம் வாசல்ல வந்து மறிச்சா. "எங்க போறிய?"

"ஒரு வேலை."

"இன்னைக்கு என்ன வேலை உங்களுக்கு? நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் போணும், பெத்த புள்ளைதான் போணும்ங்காங்க."

"அதுக்குள்ள வந்துருவேன்"ன்னேன். மூணு மணிக்கு ராகுகாலம், அதுக்கு முந்தி எடுக்கணும்னு பேசி வச்சிருந்தாங்க. அப்ப மணி பதினொண்ணு. போயிட்டு வந்துரலாம்னு கணக்குப் போட்டேன். போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம். கார்டு வாங்க அஞ்சு நிமிசம்.

இந்தக் கடைக்குத்தான் வந்தேன். இந்த ஸ்டூல்லதான் இருந்தேன், நீங்க இருக்க ஸ்டூலு. முதலாளிதான் எனக்கு இந்த விவரமெல்லாம் சொன்னாரு. படிக்கிற வேகம், எழுதுற வேகம், வி முப்பது, இப்ப உங்கள்ட்ட சொன்னேம்லா, அதெல்லாம். பைய சொன்னாரு. கார்டைக் கம்ப்யூட்டர்ல போட்டு எழுத விட்டுக் காமிச்சாரு, வேகம் காட்டுத ஒரு முள்ளு மேல ஏறி அப்படியே நிக்கும், இறங்காது. இன்னொரு தடவ போடுங்கன்னேன். போட்டாரு. எதுக்கு எடுக்கப் போறியன்னு கேட்டாரு. வீட்ல ஒரு விசேசம்னேன். டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன். வி அறுவதுன்னு ஒண்ணு இருக்கே, அது என்னன்னு கேட்டேன். அது உங்களுக்குத் தேவையில்லன்னாரு. ஆனாலும் காட்டுங்கன்னேன். அதையும் எழுத விட்டுப் பாத்தோம்.

அஞ்சு நிமிச வேலை. முக்கா மணி நேரம் இருந்திருக்கேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாருந்துச்சு அண்ணாச்சி. ஏசி ஓடுது. ஒருத்தரும் அழல. எல்லாருக்கும் கேமரா வேணும், லென்ஸு வேணும், வாராங்க, போறாங்க. போனை சைலண்ட்ல போட்டிருந்தேன். வெளிய வந்து பாத்தா செண்பகம் பதினாலு தடவ கூப்புட்டிருக்கா.

வீட்டுக்கு வரும்போது ரெண்டே முக்கா. அம்மையைக் குளிப்பாட்டி, சேலை மாத்தி, முத்தத்துல வச்சிருந்தாங்க. நீர்மாலைக்கு உலகநாதன் போயிட்டு வந்துட்டான். உலகநாதன் எங்க பெரியம்மை மகன், எனக்கும் அண்ணன் முறைதான், ஒரு வயசு மூப்பு. ராஜபாளையத்துல லேத்து வச்சிருக்கான். என்னைப் பாத்ததும், "வந்துட்டியாடே, வா, வா"ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனான். வாய்க்கரிசி எல்லாரும் போட்டாச்சு, நான்தான் பாக்கி. இடது கையில கார்டு இருந்துச்சு, கவரோட. அதைக் கீழ வச்சா தொலைஞ்சிரும். வலது கையால அரிசியை எடுத்துப் போட்டேன். வாயில விழுந்துச்சா, கன்னத்துல விழுந்துச்சான்னு பாக்கல.

புதுக் கார்டை ட்ரோன்லயே போட்டுத்தான் ஃபார்மேட் பண்ணணும், கேட்டியளா, கம்ப்யூட்டர்ல பண்ணக் கூடாது. அதை நான் பண்ணிட்டு இருக்கும்போதே தூக்கிட்டாங்க.

தெருவுல போனதெல்லாம் ஒரு பேட்டரி. நல்லா வந்துச்சு. கார்டு நிக்கல. சுடுகாட்டுக்குப் போயி ரெண்டாவது பேட்டரி போட்டேன். கூட்டத்துக்கு நடுவுல நின்னு ஓட்ட முடியாது. வெயில்ல ஸ்கிரீன் தெரியாதுல்லா, நாங்க என்ன பண்ணுவோம்னா துண்டைத் தலைக்கு மேல போட்டு, ஸ்கிரீனையும் சேத்து மூடிக்கிட்டுக் குனிஞ்சு பாப்போம். நீங்களும் அப்படித்தான் செய்யணும். ஒரு அம்பது அடி தள்ளி ஒரு உடைமரம் நின்னுச்சு. அதுக்கிட்ட போயி நின்னு ஏத்துனேன். பதினஞ்சு மீட்டர் உயரத்துல, அசையாம, ஒரே இடத்துல நிப்பாட்டினேன். கார்டு பிரமாதமா எழுதுது. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம், மூணு நிமிசம்.

சவரம் பண்ணுத குடிமகன் சத்தம் குடுத்தாரு. "இளையவரு எங்க? வாங்க, மொட்டை போடணும்."

இறக்கிட்டு வாரேன்னு சொன்னேன். இறக்க ஒரு நிமிசம் போதும். பேட்டரி அப்ப எம்பத்தெட்டு சதவீதம்.

இன்னொரு தடவ கூப்புட்டாரு. இந்தா வாரேன்னேன். காலு நகரல. எம்பத்தி நாலு சதவீதம்.

அப்புறம் மாமா வந்தாரு, மரத்துக்கிட்ட. துண்டுக்குள்ள குனிஞ்சிருந்தேன்லா, அவரு காலு மட்டுந்தான் தெரிஞ்சுது. "இறக்குலே"ன்னாரு.

"மாமா, இப்ப இறக்குனா ரெண்டு ஃபைலா ஆயிரும்."

"என்னது ஆயிரும்?"

"ரெண்டு ஃபைலு மாமா. நடுவுல அந்து போயிரும். அண்ணனுக்கு ஒரே ஃபைலா இருந்தாத்தான் நல்லாருக்கும்."

அவரு காலு இன்னும் கிட்ட வந்துச்சு. என்னமோ சொல்லப் போறாருன்னு நெனைச்சேன். திட்டுவாருன்னு நெனைச்சேன். திட்டல. "சரி, நீ இரு"ன்னாரு. காலு திரும்பிப் போச்சு.

உலகநாதனை உக்கார வச்சு மொட்டை போட்டாங்க. ஸ்கிரீன்ல பாத்தேன். அவன்தான் குடத்தைத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு சுத்து சுத்துனான். ஒவ்வொரு சுத்துக்கும் குடிமகன் குடத்துல ஒரு ஓட்டை போட்டாரு, தண்ணி கொட்டுனது வட்டமா மண்ணுல தெரிஞ்சுது. மேல இருந்து பாத்தாத்தான் அது வட்டம்னு தெரியும். கீழ நிக்கவங்களுக்குத் தெரியாது. முகத்துல வரட்டி வைக்கும்போது ஸ்கிரீன்ல அம்மை என் சுண்டுவிரல் அளவுதான் இருந்தா. நான் ஜூம் பண்ணல.

பதினெட்டு நிமிசம் நாப்பது செகண்டு, ஒரே ஃபைலு. ஒரு இடத்துல கூட அந்து போகல. கார்டுன்னா அது கார்டு.

என்ன? ஃபுல் ஹெச்டியில எடுத்திருந்தா பழைய கார்டே போதுமேங்கியளா? செண்பகமும் அதைத்தான் கேட்டா. பதினாறு கழிஞ்ச பொறவு ஒரு நாளு, சோத்தைப் போட்டுட்டு எதுக்க உக்காந்து கேட்டா. "கல்யாண வீட்டுக்காரங்க எல்லாம் அதைத்தான பாக்காங்க? யாராச்சும் தெளிவா இல்லன்னு சொன்னாங்களா?" சொல்லலைன்னேன். "உங்கண்ணன் தெளிவா எடுன்னுதான சொன்னாரு, ஃபைவ்-கேன்னா சொன்னாரு?" நான் சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். அவளுக்கு இந்த டெக்னிக்கல் விசயம் புரியாது. அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசல. மத்ததும் அவ்வளவா பேசதில்ல. கேட்டதுக்குப் பதிலு சொல்லுவா, சோறு போடுவா.

ட்ரோனை இப்ப ஓட்டதில்ல. குடுத்துட்டேன். கையில ஒண்ணும் கோளாறு இல்ல, போதும்னு இருந்துச்சு. இங்க வந்து முதலாளிட்ட வேலை கேட்டேன். நீங்கதான் நல்லாக் கேட்டுக் கேட்டு வாங்குனியளே, வந்து நில்லுங்கன்னாரு. நிக்கேன்.

உங்களுக்கு என்ன விசேசம்? தங்கச்சி கல்யாணமா, நல்லது. நீங்களேதான் ஓட்டப் போறியளா? ஓட்டுங்க. வெளி ஆளை விட்டா அவன் இஷ்டத்துக்கு எடுப்பான். மேடையில அண்ணன்காரனைக் கூப்புடுவாங்க, மாலை எடுத்துக் குடுக்க, பொரி போட. அதுக்கென்ன, சித்தப்பா மகன், பெரியப்பா மகன் யாராச்சும் இருப்பாங்க. செஞ்சிருவாங்க. ஒண்ணும் நின்னு போவாது.

அண்ணனா? பாத்தான். நாலாம் நாளு கூப்புட்டான், வாய்ஸ் கால்தான். நான் வீடியோ கால் எடுக்கல, தலையில முடி இருக்குல்லா. மூணு தடவ பாத்தேம்லேன்னான். அழுதான். அவன் அழுதது கேட்டுச்சு. எனக்கு வரல. நல்லபடியா போய்ச் சேந்துட்டுன்னு ஒரு நிம்மதி, ஃபைலைச் சொல்லுதேன், அவ்வளவு பெரிய ஃபைலு நெட்டுல போய்ச் சேரணும்ல.

"எவ்வளவு தெளிவா இருக்குலே! மாமா துண்டுல கரை கூடத் தெரியுது. அம்மைக்குக் கட்டியிருந்தது நான் வாங்கிக் குடுத்த பச்சைச் சேலைதான? நான் அங்கயே நின்ன மாதிரி இருந்துச்சுலே"ன்னான். அப்புறம் சொன்னான். "உன்னைத்தான் மொட்டையில மொதல்ல அடையாளம் தெரியல. நீ குடத்தைத் தூக்கிட்டுச் சுத்தி வந்த பாரு, அப்பத்தான் தெரிஞ்சுது. முதுகு அப்படியே நம்ம அய்யா முதுகு. இளையவன் ஒன் கடமையைச் செஞ்சிட்ட. அய்யாவுக்கும் நீதான், அம்மைக்கும் நீதான். நான் ஒண்ணுக்கும் இல்லாமப் போயிட்டேன்."

அது உலகநாதன் முதுகு. அவனுக்கும் எங்க அய்யாவுக்கும் ரத்தத்துல ஒண்ணுமில்ல. நான் சொல்லல. ஊர்ல யாரும் சொல்லல. தூரத்துல கெடக்கான், அவன்ட்ட ஒண்ணும் சொல்லாதிங்கன்னு மாமா எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருந்தாரு.

"ஆமாண்ணே"ன்னேன்.

அப்புறம் அவன், "சரி, அந்த மரத்துக்கிட்ட ஒருத்தன் நிக்கானே, யாருலே அது?"ன்னான்.

"எந்த மரம்?"

"அந்தா, ஓரமா. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு. எல்லாரும் அம்மையைச் சுத்தி நிக்காங்க, அவன் பாட்டுக்குக் குனிஞ்சு போனை நோண்டிக்கிட்டு நிக்கான். பதினெட்டு நிமிசமும் நிக்காம்லே. ஒரு தடவ கூட தலையத் தூக்கல."

எனக்குப் பயமா இருந்துச்சு. அம்மை செத்த காலையில இருந்து எனக்கு எதுவுமே இல்லாம இருந்துச்சு, இப்பத்தான் பயமா இருந்துச்சு. "அது ட்ரோன் ஓட்டுனவன்ணே. ஆளு வச்சேன், எனக்கு வேற சோலி இருந்துச்சுல்லா"ன்னேன்.

"அப்படியா. நல்லா ஓட்டியிருக்கான், கொறை சொல்ல முடியாது. ஆனா அவனைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்குலே. பாக்கும்போதெல்லாம் கண்ணு அங்கதான் போவுது. அவனை மட்டும் எடுத்துர முடியுமா?"

"முடியும்ணே."

அன்னைக்கே உக்காந்தேன். ட்ரோன் அசையாம நின்னதால சுளுவாப் போச்சு. பக்கத்துல கெடக்க மண்ணைக் காப்பி எடுத்து, அந்த ஆளு மேல போட்டு மூடணும், அவ்வளவுதான் வேலை. மூடிட்டுப் பாத்தா நிழலு மிச்சம் கெடக்கு. அதுக்கும் மண்ணு எடுத்துப் போட்டேன். ஃபைவ்-கேங்கதால ஒட்டுப் போட்டது தெரியாது. அதைத்தான் அண்ணன் வச்சிருக்கான், வெள்ளிக்கிழமை லீவுன்னா போட்டுப் பாப்பானாம். நானும் பாத்தேன். அம்மையைச் சுத்தி நாப்பத்தோரு பேரு நிக்காங்க, எண்ணிப் பாத்துட்டேன். மரத்துக்கிட்ட யாரும் இல்ல.